பவுனுக்கு முந்திரி ஆகாதது யாரால்?

கலியபெருமாளுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நலமாக இருந்தால் நான் ஏன் பேனாவைத் தேடப் போகிறேன்? உன் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. கார்டு! பெண்டாட்டியின் மானத்தைப் பற்றி எழுதுகிறவன் ஒரு கவர் வாங்கி ஒட்டி அனுப்பக் கூடாதா? தபால்காரர் அதை நீட்டும்போதே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் படித்துவிட்டார். அவர் படித்தால் உடையார்பாளையமே படித்த மாதிரி. "செங்கமலத்தையும் குழந்தையையும் மீன்சுருட்டியில் விட்டுவிட்டேன். அவள் வம்சத்து வியாதி குழந்தைக்கு வந்திருக்கிறது. மறைத்துப் பெண் கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பதும் அப்படியே பிறந்தால் என்ன செய்வது?" என்று நான்கு வரி. நான்கு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் குலுங்கக் குலுங்க அழைத்துப் போய், மாமனார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் அரியலூர் திரும்பியிருக்கிறாய். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஒன்று குறைந்தால் நாள் முழுக்க விசாரிக்கிற குமாஸ்தா நீ. இந்த விஷயத்தில் யாரை விசாரித்தாய்? உன் அப்பா, "சுருக்கமா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டில் முப்பது வருஷமாகச் சுருக்கமாகவே பேசிப் பேசித்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறோம். நான் சுருக்கமாக எழுதப் போவதில்லை. நீ உட்கார்ந்து படி.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீதான் எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறாயே. போன சித்திரையில் நீங்கள் மூவரும் உடையார்பாளையம் வந்திருந்தீர்கள். முந்திரி பொறுக்கி முடித்த நேரம். கொல்லையில் கொட்டையைச் சுட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை பவுனு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நல்ல முழுப் பருப்பாகப் பொறுக்கி நான்தான் அவள் வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துவிட்டது. முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. எல்லோரும் என்ன சொன்னோம்? கொட்டையின் தோட்டுப் பால் பட்டிருக்கும் என்றோம். முந்திரி உடைக்கிறவர்கள் கையெல்லாம் வெந்து கிடக்கிற ஊரில் வேறு என்ன தோன்றும்? தேங்காய் எண்ணெய் தடவினோம், சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டோம். செங்கமலம் மட்டும் மறக்கவில்லை. அதன் பிறகு அவள் பிள்ளைக்கு முந்திரியைக் காட்டியதே இல்லை. அதை நீ, "ஊட்டு வளப்பு சரியில்ல, நல்ல பண்டத்தைத் திங்கத் தெரியல" என்று கேலி செய்தாயாம்.

பிறகு உன் ஆபீசில் யாருக்கோ உத்தியோகம் உயர்ந்ததென்று லட்டு கொடுத்திருக்கிறார்கள். நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பவுனுவின் வாயருகே பிடித்திருக்கிறாய். "வேணாங்க, அதுல முந்திரி இருக்கு" என்றிருக்கிறாள் அவள். "ரேஷன்ல சக்கரை கிடைக்கிற லட்சணத்துக்கு லட்டை யாராச்சும் வேணாம்பாங்களா? எல்லாம் பழக்கப்படுத்தினாத்தான் பழகும்" என்று நீ ஊட்டியிருக்கிறாய். மூன்றரை வயதுக் குழந்தை இரண்டாவது வாய் விழுங்குவதற்குள் வாந்தி எடுத்திருக்கிறது. கண் இடுங்கி, உதடு உருண்டு, மூச்சு இழுத்திருக்கிறது. நீ செம்பில் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தாய். வயிற்றில் பிள்ளையோடு இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியவள் செங்கமலம். ஓர் ஊசி போட்ட பிறகு மூச்சு திரும்பியது. அங்கே யாரோ, "இது பரம்பரையா வர்றதுதான்" என்று போகிற போக்கில் சொன்னார்களாம். உடனே நீ கண்டுபிடித்துவிட்டாய். பரம்பரை என்றால் பெண்டாட்டியின் பரம்பரை! உனக்கென்று ஒரு பரம்பரை இருப்பது எப்படியடா ஞாபகம் வராமல் போயிற்று?

கார்டைப் படித்த மறுநாள் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு மீன்சுருட்டி போனேன். சம்பந்தி எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டு எதிரே நின்றார். "எங்க வம்சத்துல என்ன வியாதிங்க சம்பந்தியம்மா? சொல்லுங்க, எனக்கும் தெரியட்டும்" என்றார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். "டாக்டர்கிட்ட போயிட்டு வரோங்க, வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு செங்கமலத்தையும் பவுனுவையும் உன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் புறப்பட்டேன். அங்கே ஒரு டாக்டர் இருக்கிறார். சண்டையில் பட்டாளத்து டாக்டராக இருந்துவிட்டு வந்தவர். அதிகம் சிரிக்க மாட்டார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார்.

பவுனுவின் நாக்கைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், முழங்கை மடிப்பில் இருந்த சொரசொரப்பைத் தடவிப் பார்த்தார். நான் தோட்டுப் பால் கதையைச் சொன்னேன். "தோட்டுப் பால் பட்டா எனக்கும் வேகும், உங்களுக்கும் வேகும். லட்டுல ஏதும்மா தோட்டுப் பாலு? இது வேற. நமக்கு நல்லதா இருக்குற பண்டத்தை இந்தக் குழந்தையோட உடம்பு பகையாளியா நினைச்சுக்குது. அலர்ஜிம்பாங்க" என்றார். பிறகு செங்கமலத்திடம் கேட்க ஆரம்பித்தார். அவள் அப்பாவுக்கு இழுப்பு உண்டா, அம்மாவுக்குக் கரப்பான் உண்டா, கூடப் பிறந்தவர்களுக்குக் காணாக்கடி வருமா, எதையாவது தின்றால் ஒத்துக்கொள்ளாதா? எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள். "எங்க வூட்டுல கல்லைத் தின்னாலும் செரிக்குங்க" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் என்னைக் கேட்டபோது நான் உடனே வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் பேசும்போது என் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "அறுவடைக்குத் தூத்துறப்ப உனக்கு இரைக்குதுல்ல, அதைப் போற வூட்டுல மூச்சு விட்றாத" என்றாள். நானும் விடவில்லை. தை மாதம் வந்தால் எனக்கு ஏதாவது வேலை முளைத்துவிடும். தண்ணீர் எடுக்கப் போவேன், மாட்டைப் பார்க்கப் போவேன், களத்து மேட்டுப் பக்கம் மட்டும் போக மாட்டேன். போனால் அன்றைக்குப் படுக்க முடியாது, உட்கார்ந்தே விடிய வேண்டும். உன் அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார். நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். கருவாடு தின்றால் எனக்குத் தொண்டை அரிக்கும், அதையும் சொன்னதில்லை, பிடிக்காது என்றே சொல்லி வந்தேன். மறைத்துப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினாயே, அது உண்மைதான். மறைத்துக் கொடுத்தது உன் அம்மாவை.

உன் கதை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறந்த மூன்றாம் மாதம் கன்னம் இரண்டும் வெடித்து நீர் வடிந்தது. கரப்பான். என் மாமியார், பால்தான் கெட்டது என்று சொல்லிவிட்டார். கெட்டது என் பால். ஆறு மாதம் எனக்கு வறுத்த உப்பும் சோறும்தான். நீ கன்னத்தைச் சொறியாமல் இருக்க உன் கையில் துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். நீ அழுவாய், நானும் அழுவேன். அதோடு போகவில்லை. உனக்கு நான்கு வயதில், நோஞ்சானாக இருக்கிறாய் என்று முட்டை கொடுக்கச் சொன்னார்கள். நீ வாயைத் திறக்க மாட்டாய். நான் மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்துப் பச்சை முட்டையை ஊற்றினேன். துப்பினாய். முதுகில் அடித்தேன். மறுபடி ஊற்றினேன். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. காணாக்கடி, ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போனேன். குணமானதும் திரும்ப ஊற்றினேன். "எல்லாம் பழக்கப்படுத்தினாத்தான் பழகும்" என்று நான்தான் அன்றைக்குச் சொன்னேன். உனக்குப் பத்து வயதில் அது தானாக விட்டுப் போயிற்று, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒருவழியாக வாயைத் திறந்து, என் இரைப்போடு இதையும் டாக்டரிடம் சொன்னபோது அவர், "உங்க பையன் பொழச்சது உங்களாலே இல்லம்மா" என்றார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

ஆனாலும் என் அற்பத்தனத்தைக் கேள். நான் என் பங்கைச் சொல்லி முடித்துவிட்டு, இனி எல்லாம் உன் அப்பா பக்கம் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாத உப்புச் சோற்றுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா? டாக்டர் உன் அப்பாவிடம், "உங்க பக்கத்துல யாருக்காச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் யாருமில்லைங்க" என்றார் உன் அப்பா. "சின்ன வயசுல யாராச்சும் திடீர்னு தவறிப்போனாங்களா?" என்றார் டாக்டர். உன் அப்பா துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "வாயைத் தொறந்து சொல்லுங்களேன், உங்க தங்கச்சியைத்தான் பூச்சி தொட்டுச்சே, அதைக் கேக்குறாரு" என்றேன். அஞ்சலை அத்தை வயலில் பாம்பு கடித்துச் செத்தாள் என்றுதானே உனக்கும் சொல்லியிருக்கிறோம்? எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

"பூச்சி தொடலைங்க" என்றார் உன் அப்பா.

அவருக்கு அப்போது பதினோரு வயதாம். அஞ்சலைக்கு ஏழு. பக்கத்து வயலில் கடலைச் செடியைப் பிடுங்கி வந்து வரப்பில் சருகைக் கொளுத்திச் சுட்டிருக்கிறார். "நான்தான் உரிச்சு உரிச்சு அவ கையில கொடுத்தேன். போதும்னா. இன்னும் ரெண்டு தின்னுன்னேன். வாய் அரிக்குதுண்ணேன்னா. அப்புறம் உடம்பெல்லாம் தடிச்சுது, மூச்சு வாங்குச்சு. தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள போயிட்டா. வயல்லேருந்து தூக்கிட்டு வந்ததால பூச்சின்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஆமான்னுட்டேன். கடலை திருடினதைச் சொன்னா அப்பா அடிப்பாருன்னு." அவ்வளவுதான் சொன்னார். நம் மேட்டு நிலத்தில் ஊரே கடலை போட்டபோது இவர் மட்டும் ஏன் பிடிவாதமாக வரகு விதைத்தார் என்று நான் முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சண்டை போட ஒன்றுமில்லை. செங்கமலம் எழுந்து போய் மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. டாக்டர் சொன்னார்: "பாம்பா இருந்திருக்கலாம், நான் பாக்கலை. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா கடலைதான்னு தோணுது. பதினோரு வயசுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? அம்பது வயசானவங்களுக்கே தெரியலையே." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார்.

இப்போது டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், கவனமாகப் படி. பரம்பரையாக வருவது முந்திரி வியாதி, கடலை வியாதி என்று ஒரு வியாதி அல்ல. உடம்பு சட்டென்று பகைத்துக்கொள்ளும் தன்மை, அதுதான் வருகிறது. எனக்கு அது தூசியில் இழுப்பாக இருந்தது. அஞ்சலைக்குக் கடலையில் உயிரையே வாங்கியது. உனக்குக் கரப்பானாகவும் முட்டையாகவும் வந்து, வந்த வழியே போய்விட்டது. பவுனுக்கு முந்திரியில் வந்திருக்கிறது. "ஒரே தன்மைதாம்மா, ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு இடத்துல தலையைக் காட்டும். ஒருத்தருக்கு வரும், அவர் கூடப் பிறந்தவருக்கு வராது" என்றார். உன் அப்பாவைப் பார், அவர் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. தகப்பன் வழியாகவும் வரும், தாய் வழியாகவும் வரும். ஒரு பக்கம் இருந்தாலே பிள்ளைக்கு வரலாம், இரண்டு பக்கமும் இருந்தால் இன்னும் அதிகம். உனக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, ராசா. யாருக்கும் இல்லாத வீட்டிலும் சில நேரம் வருமாம், அதனால் யார் மேலும் அடித்துப் பேச முடியாது என்றார். ஆனால் தேடிப் பார்த்தால் அடையாளம் எல்லாம் நம் வீட்டில்தான் கிடைக்கிறது. வயிற்றில் இருப்பது எப்படிப் பிறக்கும் என்று கேட்டேன். "சொல்ல முடியாது. வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் முந்திரியாத்தான் இருக்கணும்னு இல்ல. புதுசா எதைக் கொடுத்தாலும் கொஞ்சமாக் கொடுத்து, பக்கத்துல இருந்து பாருங்க" என்றார். பவுனுக்கு முந்திரி ஒரு துணுக்குக் கூடக் கூடாது, முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்ட பாயசம் கூடக் கூடாது. பழக்கினால் பழகும் என்பது இதில் கிடையாது. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை மூச்சு நிற்காமல் இருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

மீன்சுருட்டிக்குத் திரும்பி சம்பந்தியிடம் சொன்னேன். வியாதி எங்க வம்சத்துலதாங்க, என் பக்கமும் இருக்கு, அவுங்க பக்கமும் இருக்கு, உங்க பொண்ணுமேல ஒரு குத்தமும் இல்ல என்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சின்னவ சம்பந்தம் நின்னுபோச்சுங்க" என்றார். நீ பஸ் நிற்கும் இடத்தில் நின்று யார் யாரிடமோ புலம்பினாயாமே. அது ஜெயங்கொண்டம் வரை போய்விட்டது. செங்கமலத்தின் தங்கை தையல்நாயகிக்கு அங்கே பேசி வைத்திருந்த வீட்டில், அந்த வம்சத்தில் ஏதோ இருக்கிறதாம் என்று பின்வாங்கிவிட்டார்கள். உனக்குக் கோபம் வந்தால் வீட்டுக்குள் கத்தேன்! பஸ் ஸ்டாண்டில் என்ன பிரசங்கம்?

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவரே எழுந்துவிட்டார். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம், சம்பந்தி தையல்நாயகியையும் அழைத்துக்கொண்டு பின்னால் வந்தார். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத கதையை உன் அப்பா இரண்டாம் முறையாக, முன்பின் தெரியாத மனிதர்கள் முன்னால் சொன்னார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரிங்க. பொண்ணு முந்திரி திம்பாளா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தையல்நாயகி, மூலையில் முறத்தில் உடைத்து வைத்திருந்த பருப்பை ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் திங்கட்டுங்களா?" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். வைகாசியில் கல்யாணம். உன்னைக் கூப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியாது.

இனி உன் விஷயம். செங்கமலம் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் உன்னைத் திட்டியபோது கூட, "அவுங்களுக்கும் பயந்தாங்க அத்தை. பயத்துலதான் யாரையாச்சும் சொல்லணும்னு தோணும்" என்றாள். நீ அதைக் கேட்டுக் குளிர்ந்துவிடாதே. "நானா வர மாட்டேன், அவுங்க வந்து கூப்பிட்டு, எங்கப்பாகிட்ட பேசிட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றும் அவள்தான் சொன்னாள். உன் அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் இங்கே மீன்சுருட்டியிலேயே இருக்கிறேன். சம்பந்தி வீட்டில் தங்குவது முறையில்லை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். நீ வந்து நிற்கும்வரை நான் நகரப் போவதில்லை. வந்தால் உன் மாமனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன். உனக்கு வாய் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் பேசிய அதே வாய்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பவுனு இப்போது நன்றாக இருக்கிறாள், விளையாடுகிறாள். ஆனால் யார் எதைக் கொடுத்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதுல முந்திரி இருக்கா?" என்று கேட்கிறாள். சோற்றுக்குக் கேட்கிறாள், வாழைப்பழத்துக்குக் கேட்கிறாள். இன்று காலை நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேன், அதற்கும் கேட்டாள். இல்லடி தங்கம் என்றேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அதன் பிறகுதான் குடித்தாள். இப்போதைக்கு அம்மாவையும் அப்பத்தாவையும் நம்புகிறாள். நீ கொடுத்தால் வாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. வந்து, கொடுத்துப் பார்.

அம்மா